60 செ.மீ. பாதையும் 155 மி.மீ. பீரங்கியும்: புதுச்சேரியில் ஒரு மாதிரி செய்து முடித்த கணக்கு

முதல் உலகப் போர்க் காலத்துப் பிரெஞ்சுக் கனரகப் பீரங்கி ஒன்றையும், அதற்குக் குண்டு கொண்டுவந்து சேர்த்த தண்டவாளங்களுக்கு இடையே 60 சென்டிமீட்டர் இடைவெளி கொண்ட இருப்புப் பாதையின் ஒரு துண்டையும், 1/35 அளவில் (உண்மையின் 35-இல் ஒரு பங்கு) ஒரே பலகையின் மீது செய்து முடிக்க எனக்கு ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆயிற்று. இருபதாயிரம் ரூபாயில் முடியும் என்று கணக்குப் போட்ட வேலை 46,000 ரூபாயில் வந்து நின்றது. சென்னையிலும் பெங்களூரிலும் போர்விமானம், டாங்கி மாதிரிகளைச் செய்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். ரயில் மாதிரிகளில் ஊறியவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில், அதாவது பீரங்கிக்காகவே போடப்பட்ட ராணுவக் குறும்பாதையில், ஐயம் கேட்க எனக்கு ஒருவரும் அகப்படவில்லை. அடுத்து இதில் இறங்குகிறவருக்குப் பாதிப் பணமாவது மிஞ்சட்டும் என்றுதான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

இந்தப் பொருள்மீது எனக்கு ஈர்ப்பு வந்ததற்கு ஊர்தான் காரணம். முதல் உலகப் போரில் பிரான்சுக்காகச் சென்று உயிர்விட்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்கான நினைவகம் எங்கள் கூபேர் சாலையில் நிற்கிறது. ஆண்டுதோறும் ஜூலை 14-ஐ ஒட்டி அங்கே விளக்கொளியும் மலர்வளையமும் உண்டு. அந்த வீரர்கள் போய் நின்ற போர்முனை எப்படி இயங்கியது என்று படிக்கத் தொடங்கியபோதுதான் பெஷோ என்ற பெயர் கண்ணில் பட்டது. ப்ரோஸ்பே பெஷோ பிரெஞ்சுப் பீரங்கிப் படையின் அதிகாரி. பண்ணைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் எனத் தெகோவில் நிறுவனம் விற்றுவந்த, தூக்கி வைத்தால் பாதையாகிவிடும் தண்டவாளச் சட்டங்களை அவர் கனரகப் பீரங்கிகளைச் சுமக்கும் அளவுக்கு வலுப்படுத்தினார்; 1888-இல் பிரெஞ்சு ராணுவம் அந்த முறையை ஏற்றது. தூல், வெர்டன், எப்பினால், பெல்ஃபோர் ஆகிய கோட்டைகளைச் சுற்றி இந்தப் பாதைகள் போடப்பட்டன. ஐந்து மீட்டர் நீளச் சட்டம் ஒன்றில் இரண்டு தண்டவாளங்களும் எட்டு எஃகு ஸ்லீப்பர்களும் ரிவெட் அடித்து ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருக்கும். தண்டவாளத்தின் எடை மீட்டருக்கு ஒன்பதரை கிலோ. ஆட்கள் சிலர் சேர்ந்து முழுச் சட்டத்தையும் தூக்கி வைத்து அடுத்த சட்டத்தோடு இணைத்துவிடலாம். இந்தப் பாதைக்கென்றே இரட்டைக் கொதிகலனும் இரு முனைகளிலும் புகைபோக்கியும் கொண்ட பெஷோ-பூர்தோன் என்ஜின் உருவானது. போர்க்காலத்தில் அமெரிக்காவின் பால்ட்வின் தொழிற்சாலை மட்டும் அவற்றில் 280-ஐக் கட்டிக் கொடுத்தது. இன்று எஞ்சியிருப்பவை இரண்டே, ஒன்று டிரெஸ்டனில், மற்றொன்று செர்பியாவின் போஜெகாவில்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வெர்டன் என்றாலே 60 செ.மீ. பாதை என்று நினைத்துக்கொண்டு படங்களைச் சேர்க்கிறவர்கள் உண்டு. 1916-இல் அந்தக் கோட்டைக்கு உயிர்நாடியாக இருந்தவை லாரிகள் ஓடிய சாலையும், அதன் அருகே சென்ற மீட்டர் கேஜ் பாதையுமே, 60 செ.மீ. பாதை அவற்றுக்கு அப்பால், பீரங்கி நிலைகளை நோக்கிப் பிரிந்து சென்ற கிளைகளுக்கு உரியது. படத்தில் என்ஜினுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்றால், தண்டவாள இடைவெளியை அவர் உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அதன் பிறகே அந்தப் படத்தை மாதிரிக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் தேர்ந்துகொண்ட பீரங்கி கர்னல் தெ பாஞ்ஜ் வடிவமைத்த 1877-ஆம் ஆண்டின் 155 மி.மீ. நெடுங்குழல் பீரங்கி. 1914-இல் போர் மூண்டபோது பிரான்சிடம் புதிய கனரகப் பீரங்கிகள் போதாமல், கோட்டைகளில் கிடந்த இந்தப் பழைய பீரங்கிகளை வெளியே இழுத்துப் போர்முனைக்கு அனுப்பினார்கள். இதன் ரெசின் கிட்டையும் (ஒட்டிச் சேர்க்க வேண்டிய வார்ப்புப் பிளாஸ்டிக் துண்டுகள்), பீரங்கி உறுப்புகளைச் சுமக்கும் பெஷோ வேகன் ஒன்றின் கிட்டையும் ஒரே வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கினேன். பாதைச் சட்டங்களை வேறொருவரிடம் தனியாக வாங்கினேன். பெஷோ-பூர்தோன் என்ஜின் கிட்டின் விலையைப் பார்த்ததும் அந்த ஆசையை அங்கேயே விட்டுவிட்டேன். ஆட்களோ குதிரைகளோ தள்ளி இழுக்கும் வேகன் அந்தப் பாதையில் அன்றாடக் காட்சிதான் என்பதால் அதில் எனக்கு வருத்தம் இல்லை.

பணம் எங்கே போயிற்று என்பதை இப்போது சொல்ல வேண்டும். பீரங்கியும் வேகனும் சேர்ந்த பெட்டியின் விலை 14,000 ரூபாய், அனுப்பும் கட்டணம் 2,800 ரூபாய். சுங்க வரி பெட்டியின் விலைக்கு மட்டும் போடப்படுவதில்லை. அனுப்பும் கட்டணத்தையும் காப்பீட்டையும் சேர்த்த தொகைக்குத்தான் போடப்படும். பொம்மைகளும் அளவு குறைத்த மாதிரிகளும் ஒரே சுங்கத் தலைப்பின் கீழ் வருகின்றன. அந்தத் தலைப்புக்கான வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்ந்தது. ஆகவே 16,800 ரூபாய்க்கு 11,760 ரூபாய் வரி, அந்த இரண்டையும் கூட்டிய தொகையின் மீது ஜி.எஸ்.டி., அதற்கு மேல் கூரியர் நிறுவனம் தன் முன்பணத்துக்கும் கையாளுதலுக்கும் வாங்கிய கட்டணம் என்று எல்லாம் சேர்ந்து 33,000 ரூபாயைத் தொட்டது. வாங்குவதற்கு முன் விலையையும் அனுப்பும் கட்டணத்தையும் கூட்டி இரண்டால் பெருக்கிப் பாருங்கள். அந்தத் தொகை கையில் இருந்தால் மட்டும் பணம் செலுத்துங்கள். வரிவிகிதங்கள் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுகிறவை என்பதால் அந்த ஆண்டின் நிலவரத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வரியைவிட என்னை வாட்டியது காத்திருப்பு. விற்பனையாளர் விலைப்பட்டியலில் பொருளின் பெயராக '155 மி.மீ. பீரங்கி' என்று மட்டும் எழுதி அனுப்பியிருந்தார். பெட்டி கிடங்கில் நின்றுவிட்டது. கூரியரிலிருந்து தொலைபேசியில் பேசிய இளைஞர், "சார், இதுல கன்னுன்னு போட்டிருக்கு, லைசென்ஸ் இருக்கா?" என்று உண்மையாகவே கேட்டார். அது கைக்குள் அடங்கும் ரெசின் துண்டுகள் என்று படத்தோடு கடிதம் அனுப்பினேன். அடுத்து, பொம்மை என்றால் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) சான்று எங்கே என்ற கேள்வி வந்தது. 2021 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள பொம்மைத் தரக்கட்டுப்பாட்டு ஆணை, 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கான பொருள்களைப் பற்றியது. பெரியவர்களுக்கான, ஒட்டிச் சேர்க்க வேண்டிய மாதிரிக் கிட் அதில் வராது என்று விளக்க வேண்டியிருந்தது. மே மாதம் பணம் கட்டிய பெட்டி ஆகஸ்டில்தான் வீட்டுக்கு வந்தது. அந்த மாதங்களில் பணமும் போய்ப் பொருளும் வராதோ என்ற கலக்கம் இரவில் தூக்கத்தைக் கெடுத்தது. வீட்டில் சொல்லவும் கூச்சமாக இருந்தது. ஆர்டர் கொடுக்கும்போதே விற்பனையாளருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்: விலைப்பட்டியலில் 'ஒட்டிச் சேர்க்காத ரெசின் அளவுமாதிரி, காட்சிக்கு உரியது, 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு' என்று இருக்கட்டும். அது முழு உண்மை, அதனால்தான் வேலை செய்கிறது. விலையைக் குறைத்துப் போடச் சொல்லும் யோசனையைச் சிலர் சொல்வார்கள். அபராதத்தில் முடியக்கூடிய அந்த வழிக்குப் போகாதீர்கள்.

பெட்டியைத் திறந்ததும் குழலைத்தான் முதலில் எடுத்தேன். உண்மையான குழலின் நீளம் 4.2 மீட்டர், 1/35-இல் அது 120 மி.மீ. வர வேண்டும். நீளம் சரியாக இருந்தது, ஆனால் குழல் வாழைப்பழம் போல வளைந்திருந்தது. வெயில் காலத்தில் கிடங்கில் அடைபட்டுக் கிடந்த பாலியூரித்தேன் ரெசினுக்கு இது நேரக்கூடியதுதான். மெல்லிய துண்டுகள் வளைந்திருந்தால் கை பொறுக்காத சூட்டில் உள்ள நீரில் சற்று முக்கி, கண்ணாடித் தகட்டின் மீது வைத்து நேராக்கிப் பிடித்துக் குளிரவிட்டால் நேராகிவிடும்; வேகனின் சட்டங்களை அப்படித்தான் சரிசெய்தேன். கனமான குழலோ நேரானது போலத் தோன்றிவிட்டு, சில வாரங்களில் தன் எடையாலேயே மீண்டும் தொங்கியது. விற்பனையாளருக்குப் படம் அனுப்பியதற்குப் பதிலே இல்லை. கடைசியில் அளவுகளை மில்லிமீட்டரில் குறித்து, ஒவ்வொரு படிக்கும் விட்டம் எழுதிய வரைபடத்தோடு தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன சார் இது, பேனாவா?" என்றார். விளக்கியதும் அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது. பித்தளைக் கம்பியில் அவர் கடைந்து தந்த குழல் 600 ரூபாய், அதோடு 4.4 மி.மீ. விட்டத்தில் குண்டுகளையும் மிச்சக் கம்பியில் கடைந்து கொடுத்தார். குழல் போன்ற உருளைப் பாகம் எதுவானாலும் அதை வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. நம் ஊர் லேத்தில் கடைந்த பித்தளை வளையாது, தேயாது, அளவும் நம் கையில் இருக்கும். பட்டறைக்காரரிடம் படம் காட்டிப் பேசாமல் எண்கள் எழுதிய வரைபடத்தைக் கொடுங்கள். கூம்பி வரும் இடங்களில் தொடக்க விட்டத்தையும் முடிவு விட்டத்தையும் தனித்தனியே எழுதுங்கள்.

இதுவரை நடந்தவை எந்த மாதிரிக் கலைஞருக்கும் நேரக்கூடியவை. குறும்பாதைக்கே உரிய சிக்கல், வேகனைப் பாதையில் வைத்துப் பார்த்த அன்று வந்தது. ஒரு பக்கச் சக்கரம் தண்டவாளத்தின் தலையில் உட்கார்ந்தது. மறுபக்கச் சக்கரம் உள்ளே இறங்கி ஸ்லீப்பரில் தட்டியது. இரு பெட்டிகளின் மேலும் 1/35, 60 செ.மீ. என்றுதான் அச்சிட்டிருந்தது, இரண்டும் தம்மளவில் சரியும்கூட. 600 மி.மீ.யை 35-ஆல் வகுத்தால் 17.14 மி.மீ. பாதைச் சட்டங்களைச் செய்தவர் அந்த எண்ணை அப்படியே பின்பற்றியிருந்தார். வேகனைச் செய்தவரோ கடைகளில் எளிதாகக் கிடைக்கும் எச்.ஓ. ரயில் மாதிரிகளின் 16.5 மி.மீ. இடைவெளிக்குச் சக்கரங்களை அமைத்திருந்தார். வித்தியாசம் 0.64 மி.மீ.தான்; ஆனால் தண்டவாளத்தில் உருளும் சக்கரத்தின் தளம் அதைவிடச் சற்று மட்டுமே அகலமானது என்பதால் அந்த முக்கால் மில்லிமீட்டர்கூட ஆகாத வித்தியாசம் வண்டியைக் கவிழ்க்கப் போதுமானது.

ஆகவே வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி 'எந்த அளவு' என்பதல்ல, 'தண்டவாளங்களின் உட்புற இடைவெளி எத்தனை மில்லிமீட்டர், சக்கரங்களின் பின்முகங்களுக்கு இடையே எத்தனை மில்லிமீட்டர்' என்பதே. மற்ற அளவுகளிலும் இதே கதைதான். 1/72-இல் 60 செ.மீ. பாதை 8.33 மி.மீ. வர வேண்டும், வசதிக்காக எல்லோரும் 'N' கேஜ் எனப்படும் சிறிய ரயில் மாதிரிகளின் 9 மி.மீ. பாதையைப் போடுகிறார்கள், அது உண்மையில் 648 மி.மீ. ஆகிவிடுகிறது. 1/48-இல் 12.5 வேண்டிய இடத்தில் 12 மி.மீ. பாதை போடப்படுகிறது. ஓட்டிப் பார்க்கும் ஆசை இருந்தால் இந்தச் சமரசம் தேவைதான், ஏனென்றால் ஓடும் என்ஜின் அடிச்சட்டங்கள் அந்த இடைவெளிகளில்தான் கிடைக்கும். நகராத காட்சிப் பலகை மட்டும் செய்கிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எதைத் தேர்ந்தாலும் பாதையும் சக்கரமும் ஒரே எண்ணுக்கு வர வேண்டும்.

எச்.ஓ. பாதையை வாங்கி அப்படியே பதித்துவிடலாமே என்று தோன்றும். இடைவெளி ஏறத்தாழ பொருந்தும், மற்றது எதுவும் பொருந்தாது. அதன் ஸ்லீப்பர்கள் மிக நெருக்கமாக இருக்கும். பெஷோ சட்டத்தில் ஐந்து மீட்டருக்கு எட்டு என்றால் 1/35-இல் 143 மி.மீ. நீளத்துக்கு எட்டு, அதாவது ஏறத்தாழ 18 மி.மீ.க்கு ஒன்று. 'கோட் 100' (Code 100) என்ற வழக்கமான மாதிரித் தண்டவாளம் 2.5 மி.மீ. உயரம்; அதை 35-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர் வருகிறது. மீட்டருக்கு ஒன்பதரை கிலோ எடையுள்ள தண்டவாளத்துக்கு அது மிகத் தடிமன். தயார்நிலை வளைவுகளின் 360 மி.மீ. ஆரம் உண்மையில் 12.6 மீட்டர்தான், வளைவு 30 மீட்டர் ஆரத்தில் இருக்க வேண்டுமென்றால் பலகையில் 857 மி.மீ. வேண்டும். என் பலகையில் அதற்கு இடமில்லாததால் நேர்ப்பாதையோடு நிறுத்திக்கொண்டேன்.

வேகனின் சக்கர அச்சுகள் ரெசினில் வார்த்தவை, அறுத்து அகலப்படுத்தினால் உடையும். அதனால் பாதையையே 16.5 மி.மீ.க்குப் புதிதாகச் செய்வது என்று முடிவெடுத்தேன். பெயர்ப்பலகை செய்யும் கடையில் லேசர் வெட்டும் இயந்திரம் இருக்கும். 3 மி.மீ. அக்ரிலிக் தகட்டில் இரண்டு தண்டவாளப் பள்ளங்களும் எட்டு ஸ்லீப்பர் பள்ளங்களும் வெட்டிய ஓர் அச்சுச் சட்டத்தை 350 ரூபாய்க்கு அங்கே செய்து வாங்கினேன். லேசர் கதிர் தன் தடிமன் அளவுக்குக் கூடுதலாகத் தின்னும் என்பதால் முதலில் ஒரு பள்ளம் மட்டும் வெட்டச் சொல்லித் தண்டவாளத்தைப் பொருத்திப் பார்த்துவிட்டு, அதன் பிறகு முழுவதையும் வெட்டச் சொல்வது நல்லது. ஏற்கெனவே வாங்கிய சட்டங்களிலிருந்து தண்டவாளங்களைக் கழற்றி, பித்தளைத் தகட்டில் மடித்த ஸ்லீப்பர்களை அந்த அச்சில் அடுக்கி, நகைப் பட்டறைக்குப் பற்றவைப்புப் பொடி விற்கும் கடையில் வாங்கிய நுனி மெல்லிய பற்றவைப்புக் கோலால் ஈயம் வைத்தேன். அக்ரிலிக் சூட்டில் இளகும். சூடு வைத்ததும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பள்ளம் அகன்று அடுத்த சட்டம் தளர்ந்துவிடும். தண்டவாளம் வாங்கும்போது இரும்பை விட்டு நிக்கல் சில்வர் என்ற கலப்புலோகத்தைக் கேளுங்கள். கடற்காற்று வீசும் ஊரில் இரும்புத் தண்டவாளம் தானாகவே துருவேறும். அந்தத் துரு நாம் விரும்பும் அளவில் நின்றுவிடாது.

ஈரக்காற்று வேறு வழிகளிலும் பழிவாங்கிற்று. நொடியில் ஒட்டும் பசை காற்றின் ஈரத்தைக் கொண்டுதான் இறுகுகிறது. வடகிழக்குப் பருவமழை நாட்களில் அது நுனியை வைத்ததும் பிடித்துக்கொண்டது, சுற்றிலும் வெண்படலம் படிந்தது, திறந்த குப்பி விரைவிலேயே கல்லாயிற்று. குப்பியைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் வைத்தபிறகு நிலைமை சீரானது. நவம்பரில் பீரங்கி வண்டிக்கு அடித்த மங்கல் வார்னிஷ் பால் நிறத்தில் வெளுத்துப்போனது பெரிய இடி. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றின் ஈரம் அதில் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. மழை விட்ட ஒரு நண்பகலில், ஏ.சி. ஓடி ஈரம் வற்றிய அறைக்குள் வண்டியைச் சற்று வைத்திருந்து, மெதுவாக ஆவியாகும் தின்னரை மட்டும் லேசாகத் தூவினேன், பெரும்பகுதி தெளிந்தது. சக்கர ஆரங்களின் இடுக்குகளில் வெண்மை இன்னும் இருக்கிறது, அதைச் சேற்று நிறத்தால் மூடியிருக்கிறேன். நம் கடற்கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஸ்ப்ரே வேலையைத் தொடாமல் இருப்பதே அறிவு.

அந்த நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தரைத்தளத்தில் நீர் புகுந்தது, மாதிரிகளை மாடிக்கு ஏற்றிவிட்டேன், ஆனால் சுவரோரம் சாய்த்திருந்த பிளைவுட் அடிப்பலகை ஊறி அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டது. அதன் மீது பாதி எழுப்பியிருந்த மண்மேடும் போயிற்று. ஊரே நனைந்து கிடந்தபோது பலகையைப் பற்றி யாரிடம் புலம்புவது? மறுபடி செய்தபோது பிவிசி ஃபோம் தகட்டுக்கு மாறிவிட்டேன். சமையலறை அலமாரி செய்கிறவர்களிடம் வெட்டுத்துண்டாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது, நீர் அதை ஒன்றும் செய்யாது.

நிலத்தைக் காகிதக்கூழில் எழுப்பினேன். திருக்கனூர்ப் பக்கம் காகிதக்கூழ்ப் பொம்மை செய்யும் ஒரு பெரியவர், பூச்சி அரிக்காமலும் பூசணம் பிடிக்காமலும் இருக்கக் கூழில் சிறிது மயில்துத்தம் சேர்க்கச் சொன்னார். பொம்மைக்கு அது அருமையான யோசனை. பாதைச் சட்டங்களை ஈரக் கூழில் பதிக்க நான் அடித்திருந்த இரும்பு ஊசிகள் மறுநாள் காலை செம்புக் காசு போலப் பளபளத்தன. மயில்துத்தத்தில் உள்ள செம்பு இரும்பின் மேல் படிந்து, இரும்பு கரைந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் பித்தளை ஊசிகளைப் போட்டேன். மயில்துத்தம் நஞ்சு என்பதால் கையுறை இல்லாமல் பிசையக் கூடாது, குழந்தைகள் உள்ள வீட்டில் தவிர்த்துவிடுவதே நல்லது. கூழ் முழுக்கக் காய்ந்தபின் சட்டங்களைப் பதித்தால் இந்தத் தொல்லையும் குறையும்.

கிட்டில் இல்லாத, ஆனால் இல்லாமல் இருக்கக் கூடாத ஒன்று, பீரங்கியின் மரத்தளமும் சக்கரங்களுக்குப் பின்னே நிற்கும் ஆப்புச் சரிவுகளும். தெ பாஞ்ஜ் பீரங்கியின் வண்டியில் பின்னுதைப்பை உள்வாங்கும் அமைப்பு கிடையாது. சுட்டதும் முழு வண்டியும் பின்னோக்கி உருண்டு, வளைந்த மரச்சரிவுகளில் ஏறி, தன் எடையாலேயே மீண்டும் இறங்கி வரும். அந்தச் சரிவுகள் இல்லாமல் வெறும் மண்ணில் நிறுத்திய மாதிரிகளை நிறையப் பார்க்கலாம். பார்க்கும்போதே ஒரு குண்டு சுட்டால் இது எங்கே போய் நிற்கும் என்று தோன்றும். ஐஸ் குச்சிகளை நெடுவாக்கில் பிளந்து தளத்தைச் செய்தேன். தேக்குத் துண்டில் முயன்றால் அதன் வரி இந்த அளவுக்கு மிகப் பெரிதாகத் தெரிகிறது. குண்டு ஒவ்வொன்றும் நாற்பது கிலோவுக்கு மேல் எடையுள்ளது என்பதால் பாதையைப் பீரங்கியின் பின்புறத்துக்குச் சுமக்கும் தொலைவில் கொண்டுவந்து நிறுத்தினேன். பாதையைச் சக்கரத்தின் மீதே இடிக்கும்படி போட்டால் வண்டி உருள இடம் இருக்காது.

முடித்ததை அக்ரிலிக் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். அடிப்பலகைக்குக் கீழே ஒரு தட்டில் சிலிக்கா ஜெல், நிறம் மாறியதும் சூடாக்கி மீண்டும் வைப்பேன். வீட்டில் பீரோவுக்குப் போடுகிற பழக்கத்தில் யாராவது அதற்குள் அந்துருண்டை போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் ஆவி பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இளக்கும். 46,000 ரூபாயில் உள்ளூரில் செலவானது ஆறாயிரம்தான், பலகையில் கண்ணை நிறுத்துகிறவை எல்லாம் அந்த ஆறாயிரத்தில் வந்தவை. 16.5 மி.மீ.க்கான எட்டு ஸ்லீப்பர் அச்சுச் சட்டம் என்னிடம் சும்மா கிடக்கிறது. கடலூர், விழுப்புரம் பக்கம் யாராவது 1/35-இல் பெஷோ பாதை போட நினைத்தால் இரவலாகத் தருகிறேன், 17.14-க்கு வேண்டும் என்றால் வெட்டும் கோப்பில் ஓர் எண்ணை மாற்றினால் போதும்.